ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கியவன்

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தலைமையாசிரியர் அறைக்குள் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். காந்தி படம், காமராசர் படம், கால அட்டவணை, ஐந்து நிமிடம் முந்தி ஓடும் ஒரு கடிகாரம். அவற்றோடு கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதமும் தொங்கும். ஆபிரகாம் லிங்கன் தன் மகனுடைய ஆசிரியருக்கு எழுதியது என்று தலைப்பு இருக்கும். ஆசிரியர் தின விழாவில் யாராவது ஒருவர் அதை உருக்கமாகப் படிப்பார். 33 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். குறைந்தது இருபது தடவையாவது கேட்டிருப்பேன். நல்ல கடிதம்தான். ஆனால் லிங்கன் எழுதியதில்லை. அவருடைய கடிதங்களையும் உரைகளையும் அமெரிக்காவில் தேடித் திரட்டிப் பெரிய தொகுதிகளாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் எதிலும் அது கிடையாது.

யார் எழுதினால் என்ன, கருத்து நல்லதுதானே என்பார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி நம் தலைமுறை பள்ளியில் படித்தது ஏறக்குறைய லிங்கன் ஒருவர் வழியாகத்தான். ‘நீக்ரோ அடிமைகள்’ என்று ஒரு பத்தி வரும். அடுத்த பத்தியில் லிங்கன் வந்து விடுதலை கொடுத்துவிடுவார். ‘அடிமை முறையை ஒழித்தவர் யார்?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த லட்சக்கணக்கான அடிமைகளில் ஒருவருக்குக்கூட எங்கள் புத்தகத்தில் பெயர் கிடையாது. அந்த உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில் ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பினத்தவர் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டார்கள் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இப்போது இது தெரிந்த விஷயம். பிப்ரவரி வந்தால் பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஏதாவது ஒரு தாளைக் கொண்டுவருவார்கள். அந்த மாதம் அங்கே கறுப்பின வரலாற்று மாதம். ஒரு வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தை வகுப்பில் உரக்க வாசிப்பது, அதில் வரும் ஒருவருக்குக் கடிதம் எழுதுவது, புதிய சொற்களுக்குப் பொருள் எழுதுவது, ஒரு காட்சியை நடித்துக் காட்டுவது என்று எல்லாம் மொழிப்பாடத்துக்குள்ளேயே நடக்கும். வரலாற்றுப் பாடவேளைக்கு என்று காத்திருப்பதில்லை.

இதைத் தொடங்கிவைத்தவர் கார்ட்டர் ஜி. வுட்சன். 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் முன்னாள் அடிமைகள். குடும்பக் கஷ்டத்தில் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு சுரங்கத் தொழிலாளி. உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர், படிக்கத் தெரியாது. தன் வீட்டிலேயே மற்றத் தொழிலாளிகளுக்குத் தின்பண்டமும் பழமும் விற்றுக்கொண்டிருந்தார். வுட்சனுக்கு எழுத்து தெரியும் என்று கண்டதும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: பையன் தினமும் பத்திரிகையை உரக்கப் படிக்க வேண்டும், தின்பண்டத்துக்குக் காசு வேண்டாம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் டீக்கடைகள் ஞாபகம் வந்தன. ஐம்பது, அறுபதுகளில் இந்தப் பக்கத்துத் தெருமுனைப் படிப்பகங்களிலும் டீக்கடை பெஞ்சுகளிலும் ஒருவர் தினத்தந்தியை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். நடுவில் ஒரு பெரியவர் “ஏப்பா, அத இன்னொருக்காப் படி” என்பார். அந்தப் பத்திரிகைப் படிப்பில் அரசியல் கற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வுட்சன் இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. இரண்டே ஆண்டில் முடித்தார். 1912-ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். அவ்வளவு பெரிய இடத்திலும் கறுப்பின மக்களுக்கு வரலாறு என்று ஒன்று உண்டு என ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர்கள் அரிதாக இருந்தார்கள். 1926 பிப்ரவரியில் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ என்று தொடங்கினார். லிங்கன் பிறந்த 12-ஆம் தேதியும் பிரெடரிக் டக்ளஸ் தம் பிறந்த நாளாகக் கொண்டாடிய 14-ஆம் தேதியும் அந்த வாரத்தில் வரும். அறிக்கை விட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை அவர். பள்ளிகளுக்குப் படங்கள், பாடக்குறிப்புகள், சிறு நாடகங்கள் எல்லாம் அனுப்பினார். 1937-லிருந்து ஆசிரியர்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். அவர் 1950-ல் காலமானார். வாரம் 1976-ல் மாதமாக விரிந்தது. ‘நீக்ரோ’ என்ற சொல்லும் அதற்குள் மரியாதைக் குறைவாகி உதிர்ந்துவிட்டது. நம் ஊரில் ‘ஹரிஜன்’ என்ற சொல் உதிர்ந்த மாதிரி. ஒரு சொல் எப்போது வந்தது, யார் வைத்தது, யார் வேண்டாமென்றார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாலே ஒரு நல்ல மொழிப்பாடம் நடந்துவிடும்.

டக்ளஸ் பெயரைச் சொன்னேன். நான் வகுப்பில் அதிகம் சொன்ன கதை அவருடையதுதான். எட்டு வயதுவாக்கில் பால்டிமோர் நகரத்து வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட அடிமைச் சிறுவன். அந்த வீட்டு அம்மாள் சோபியா, பையன் சூட்டிகையாக இருக்கிறானே என்று எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் பார்த்துவிட்டுத் தடுத்தார். படித்துவிட்டால் இவன் அடிமை வேலைக்கு ஆகமாட்டான் என்றார். அந்தப் பேச்சைப் பையன் கேட்டுக்கொண்டே நின்றான். எதைக் கொடுக்கக் கூடாது என்று எஜமான் பயப்படுகிறானோ அதுதான் தனக்கு வேண்டியது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தான் இருந்த வீட்டிலிருந்து ரொட்டித் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தான். பதிலுக்கு எழுத்து வாங்கினான். அவர்களுக்கு வயிற்றுப்பசி. இவனுக்கு வேறு பசி. கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகளின்மேல் தச்சர்கள் போட்ட குறியெழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். 1838-ல் தப்பி வடக்கே போனான். 1845-ல் தன் கதையைத் தானே எழுதி அச்சிட்டான்.

இது வெறும் ஒரு வீட்டுத் தடை இல்லை. தெற்கு கரோலினாவில் 1740-லேயே அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கி, மீறினால் 100 பவுன் அபராதம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். பின்னால் மற்றத் தென்மாநிலங்கள் சிலவும் சேர்ந்துகொண்டன.

ரொட்டிக் கதையைச் சொன்ன ஒரு நாள், கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, “சார், 26 எழுத்துக்கே இவ்வளவு ரொட்டின்னா நம்ம 247-க்கு என்னா சார் ஆகியிருக்கும்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் டக்ளஸ் என்ற பெயரை அந்த வகுப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்கக் கதைக்கும் தல்லாகுளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கோரிப்பாளையத்திலிருந்து தமுக்கம் பக்கம் நடந்தால் அமெரிக்கன் கல்லூரிச் சுற்றுச்சுவர் கூடவே வரும். 1881-ல் பசுமலையில் கல்லூரி வகுப்பாகத் தொடங்கிப் பிறகு இங்கே வந்தது. அதை நடத்திய அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணம் வழியாக மதுரைக்கு வந்தது. இதற்குத் தாய்ச்சபை, பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு. அந்தச் சபைக்கு 1840-களில் ஒரு தர்மசங்கடம். அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே அது நடத்திய சபைகளில் அடிமை வைத்திருந்தவர்களும் உறுப்பினராக இருந்தார்கள். அவர்களை விலக்கச் சொல்லி அடிமை முறையை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். போர்டு மென்று விழுங்கியது. பொறுக்காதவர்கள் 1846-ல் தனிச் சங்கம் கண்டார்கள். போர் முடிந்தபின் கறுப்பின மாணவர்களுக்காக ஃபிஸ்க், ஹாம்ப்டன் போன்ற கல்லூரிகள் எழக் காரணமாக இருந்தது அந்தத் தனிச் சங்கம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே போர்டின் மதுரைக் கிளை ஏறக்குறைய அதே நேரத்தில், 1847 வாக்கில், இங்கே சாதி விஷயத்தில் கண்டிப்பாக இருந்தது. உபதேசியார்கள் எல்லோரும் சாதி பார்க்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முடியாதென்றால் வேலை கிடையாது என்றார்கள். முடியாது என்று பலர் வெளியேறினார்கள். பாஸ்டனில் சொல்லத் தயங்கியதை மதுரையில் சொன்னார்கள். தூரத்து அநியாயம் எப்போதும் பளிச்சென்று தெரியும்போல. வெள்ளைக்காரரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. லிங்கன் கடிதத்தை மாட்டிவைத்த நம் பள்ளிகளில் பலவற்றில் ஒரு காலத்தில் தண்ணீர்ப் பானை எப்படி இருந்தது என்பதை என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்பின விருந்தினர்கள் இதை நம் பள்ளி ஒன்றிலேயே, தலைமையாசிரியர் வாயால் கேட்டிருக்கிறார்கள். 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் மனைவி கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். கூடவே லாரன்ஸ் ரெட்டிக் என்ற கறுப்பின வரலாற்றாசிரியரும் வந்தார். கிங்குக்கு அப்போது வயது 30. திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார்கள். தீண்டாமைக்கு ஆளான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் கிங்கைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று சொன்னார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டுச் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் தன் மக்களை நினைத்துப் பார்த்தார். ஆமாம், நானும் அப்படித்தான் என்று மனத்துக்குள் ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4-ஆம் தேதி, அவர்கள் நாட்டுச் சுதந்திர தினத்தன்று, தன் தேவாலயப் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். அவருடைய ஆசான் பெஞ்சமின் மேஸ், இருபதாண்டுக்கும் முன்னால் மைசூருக்கு ஒரு மாநாட்டுக்கு வந்திருந்தபோது தமக்கும் இதே மாதிரி ஓர் அறிமுகம் கிடைத்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தத் தலைமையாசிரியர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரே வரியில் இரண்டு நாட்டு வரலாற்றையும் ஒரு வகுப்புக்குச் சொல்லிவிட்டார்கள்.

இனி நம் கோயிலுக்கு வருகிறேன். 1939 ஜூலை 8, சனிக்கிழமை. மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசம். ‘நடத்தியவர் யார்?’ என்றால் மதுரையில் எந்தப் பிள்ளையும் வைத்தியநாத ஐயர் என்று சொல்லும். சொல்லத்தான் வேண்டும். சொந்தச் சாதியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு நின்ற மனிதர் அவர். அவருக்குத் துணையாக எல்.என். கோபாலசாமி நின்றார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வாசலில் வரவேற்றார். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். விவகாரம் வழக்கு வரை போனது. நுழைந்தவர்கள் மேலும் நுழையவிட்டவர்கள் மேலும் நடவடிக்கை வராதிருக்க ராஜாஜியின் அரசு சட்டமே கொண்டுவந்தது. 1934-ல் மதுரை வந்தும் இந்தக் கோயிலுக்குள் போக மறுத்த காந்தியடிகள் 1946-ல் உள்ளே போனார். இதெல்லாம் பாடத்தில் உண்டு, மேடையில் உண்டு.

ஐயர் கையைப் பிடித்துக்கொண்டு அன்று உள்ளே போனவர்கள் யார்? கக்கன் என்று சிலர் சொல்வார்கள், பின்னாளில் அமைச்சரானதால். மேலூர் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். மற்றவர்கள் முருகானந்தம், சின்னையா, முத்து, பூவலிங்கம். இந்தக் கடைசிப் பெயரைச் சில நூல்களில் பூர்ணலிங்கம் என்று போட்டிருக்கிறார்கள். ஊரே திரண்டு நின்ற ஒரு காலைவேளையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு மனிதரின் பெயரை நம்மால் ஒழுங்காக எழுதிவைக்க முடியவில்லை. இவர்களோடு விருதுநகர் சண்முக நாடாரும் போனார். நாடார்களுக்கும் அந்த வாசல் அதுவரை அடைத்தே இருந்தது என்பது இன்று நாடார் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது. 1999-ல் அஞ்சல் துறை வைத்தியநாத ஐயருக்கும் கக்கனுக்கும் தபால்தலை வெளியிட்டது. தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தில் வாங்கி என் தபால்தலைப் புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். மற்ற ஐந்து பேருக்கு இடம் காலியாகவே இருக்கிறது.

லிங்கன் பாடமும் இந்தப் பாடமும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்லவர் ஒருவர் மேலிருந்து கொடுத்தார். கீழே இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நான் அறிந்தவரை இந்த அச்சு வகுப்பறையில் உடைவது ஒரே ஒரு விதத்தில்தான். அனுபவித்தவர் எழுதியதை, அவர் சொற்களிலேயே, பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கும்போது.

எனக்கு அப்படி ஒரு பாடம் கிடைத்தது. மத்தியப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூல் ‘விஸ்டாஸ்’. அதில் ‘இளமைக்கால நினைவுகள்’ என்ற பாடம் இரண்டு பகுதி. முதல் பகுதி ஜிட்கலா ஷா என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் எழுதியது. வெள்ளையர் நடத்திய உறைவிடப் பள்ளியில் முதல் நாளே அவருடைய நீண்ட கூந்தலை வெட்டுகிறார்கள். அவர்கள் இனத்தில் துக்கம் காப்பவர்களும் கோழைகளும்தான் முடியைக் குறைப்பார்கள். சிறுமி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். இழுத்து வந்து நாற்காலியில் கட்டி வெட்டுகிறார்கள். இரண்டாம் பகுதி நம் பாமா எழுதியது.

பாமா விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர். அவருடைய ‘கருக்கு’ 1992-ல் அச்சானது இதே மதுரையில்தான். சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டது. பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை. பேச்சுத்தமிழில் எழுதிய புத்தகம்; சொந்த ஊர்க்காரர்களே முதலில் கோபப்பட்டார்கள், சில மாதம் அவர் ஊருக்குள் போக முடியாமல் இருந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் பெயர்த்து 2000-ல் வெளிவந்தது. அந்த ஆங்கிலத்திலிருந்துதான் நம் பாடம்.

கதை சின்னது. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறாள். பத்து நிமிட வழிக்கு ஒரு மணி நேரம். குரங்காட்டி, பாம்பாட்டி, மூன்று நாளாகக் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவன், கருவாட்டுக் கடை. தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டில் அண்ணன்தான் சொல்கிறார், அது வேடிக்கை இல்லை என்று. தொட்டால் முதலாளி சாப்பிட மாட்டார். படி, முதலாவதாக வா, அப்போது தானே உன் பக்கத்தில் வருவார்கள் என்கிறார். அவள் அப்படியே படிக்கிறாள். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் தமிழ்ப் பேராசிரியராகவும் பெரிய ஆய்வாளராகவும் விளங்கியவர். 2024 நவம்பரில் காலமானார்.

இதை ஆங்கிலத்தில் நடத்தி முடித்ததும் அடுத்த நாள் தமிழ்க் ‘கருக்கு’ புத்தகத்தைக் கொண்டுபோய் அதே பகுதியை ஒரு மாணவனை வாசிக்கச் சொல்வேன். ஆங்கிலப் பாடவேளையில் தமிழா என்று சக ஆசிரியர் ஒருவர் ஒருமுறை கேட்டார். மொழிபெயர்ப்பைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன், பொய்யும் இல்லை. முதலில் பிள்ளைகள் சிரிப்பார்கள். “இது புத்தகத்துல வர்ற பாசையா சார்?” என்பார்கள். பத்து வரி போனதும் சிரிப்பு நிற்கும். ஆங்கிலத்தில் வாய் திறக்காத, திருமங்கலம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பையன்கள் அன்றைக்கு ஆசிரியர்களாகிவிடுவார்கள். இந்தச் சொல் இப்படி வரும், அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சரியாகப் பிடிக்கவில்லை என்று திருத்தம் சொல்வார்கள். ஒருவன் கேட்டான்: “அந்தப் பெரியவர் ஏன் சார் பொட்டலத்தக் கீழ போடல?” நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் சொன்னாள்: “போட்டா, ராத்திரி வீட்டுல அடுப்பு எரியாதுடா.”

இங்கே ஒரு கஷ்டம் உண்டு. இளம் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்க வேண்டும். ‘உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?’ என்று வகுப்பில் கேட்கவே கூடாது. கேட்ட மறுநொடி நாற்பது கண்கள் இரண்டு பேர் பக்கம் திரும்பும். அந்த இரண்டு பேரும் அன்றிலிருந்து பாமா ஆகிவிடுவார்கள், விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும். அமெரிக்காவில் வகுப்பில் ‘அடிமை ஏலம்’ நடித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோர் கொதித்தெழுந்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அவமானப்பட்டவர் வேடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்பது என் கட்சி. 1939 சம்பவத்தை எழுதச் சொன்னால், அன்று கோபுர வாசலில் நின்ற பத்திரிகை நிருபராக எழுதச் சொல்வேன். ஆறு பேர் பெயரும் செய்தியில் வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இன்னொரு பயிற்சியும் கொடுப்பேன். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பெரியவரிடம் அவர் பள்ளிக்கூடம் போன கதையைக் கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்தச் சாதி வீட்டுப் பெரியவரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள். வகுப்பில் படிக்கச் சொல்லமாட்டேன். நான் மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஒரு பெண்ணின் பாட்டி, வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவர். தம்பியின் புத்தகத்தைத் திருடிப் படித்தாராம். ஒருவன் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. அவன் பாட்டி மூன்றாம் வகுப்போடு நின்றவர். பள்ளியில் தாகம் எடுத்தால் மேல்தெருப் பிள்ளை யாராவது கையில் ஊற்றினால்தான் தண்ணீர்; ஊற்ற ஆளில்லாத நாளில் மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது பள்ளிச் சேவகன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று எழுதியிருக்கிறாரே, அதை அந்தப் பையன் படித்ததில்லை. பாட்டி சொன்னதை எழுதினான், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அம்பேத்கரின் அந்தக் கட்டுரையையும் வாசிப்பில் சேர்த்துக்கொண்டேன். அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அது வாசிப்புப் பாடமாக இருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

இந்தப் பாடங்கள் எப்போதும் புத்தகத்தில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் போராடிய பகுதி இருந்தது. 1859-ல் அரசாணை பெற்ற போராட்டம். அந்தச் சமூகத்தைப் பற்றி நூலில் இருந்த விவரிப்பு தவறு என்று ஆட்சேபம் வந்தது. விவரிப்பில் பிழை இருந்தால் திருத்தலாம். ஆனால் 2016 டிசம்பரில் மத்திய வாரியம் அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019-ல் அத்தியாயமே போயிற்று. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2023-ல் புளோரிடா மாநிலம் பள்ளிகளில் கறுப்பின வரலாற்றுக்கான மேல்நிலைப் பாடத்தையே வேண்டாமென்றது. பன்னிரண்டாம் வகுப்பு ‘விஸ்டாஸ்’ நூலில் சில பாடங்களைக் கழித்தபோது பாமா பாடம் தப்பியது. அதற்காகவாவது சந்தோஷப்படுகிறேன்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை மறக்க முடியாது. உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கையில் வண்ணக் கயிறு வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. எல்லாம் தேவைதான். கயிற்றை அவிழ்த்துவிடலாம், வடைப் பொட்டலத்தைப் பற்றி அந்தப் பையன்கள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறை உரக்க வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசைதான். வாசித்தவர்கள் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. என் வகுப்பிலும் கயிறு கட்டியவர்கள் இருந்தார்கள்.

ஓய்வு பெற்றபின் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். ‘ஏழு தலைமுறைகள்’ ஓடுகிறது. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலை ஏ.ஜி. எத்திராஜுலு தமிழில் தந்தது. குண்டா கிண்டேக்கு எஜமான் டோபி என்று பெயர் வைக்கும் இடத்தில் போன வாரம் நின்றோம். கோடை விடுமுறையில் அடுத்து 1939-ஐ எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு என் வயது அல்லது மேல். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அன்று கோயில் பக்கம் இருந்திருக்கலாம். ஆதரித்திருக்கலாம், எதிர்த்திருக்கலாம், கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து, சண்முக நாடார் இவர்களில் யாரையாவது பற்றி வீட்டில் பேசிக் கேட்டது ஒரு வரி நினைவிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். தேதி, தெருப் பெயர் மறந்திருந்தால் பரவாயில்லை. எதிர்த்தவர் வீட்டுக் கதையும் வரட்டும், பிள்ளைகள் அதையும் சேர்த்தே வாசிக்கட்டும்.